சங்குப்பூவின் வட்டப் புரதம் புழுவை எப்படித் தடுக்கிறது?

சங்குப்பூச் செடியில் வட்டமான ஒரு புரதம் இருக்கிறதாமே, அது பூச்சியை எப்படித் தடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உயிர்வேதியியல் படித்தவன். திருவாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் கோடைப் பருத்தி போடுகிறோம். அதனால் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

அந்தப் புரதத்துக்குப் பெயர் சைக்ளோடைடு. சுமார் 30 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான், மிகச் சின்னது. நெல் மூட்டை பிரித்திருக்கிறீர்களா? சாக்குத் தையலில் சரியான நூல்முனை கையில் சிக்கினால் ஒரே இழுப்பில் சரசரவென்று கழன்று வரும். சிக்காவிட்டால் கத்தியைத் தேட வேண்டியதுதான். புரதத்தைச் செரிக்கும் நொதிகளில் ஒரு வகை இப்படி முனையிலிருந்துதான் ஒவ்வொன்றாகக் கழற்றும். சைக்ளோடைடில் தலையும் வாலும் ஒட்டியிருப்பதால் முனையே கிடையாது.

சரி, நடுவில் வெட்டும் நொதிகள்? அதற்கும் காவல் உண்டு. அந்தச் சங்கிலியில் சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் ஆறு இருக்கின்றன; அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று கந்தகப் பாலங்கள் போடுகின்றன. இரண்டு பாலங்கள் சங்கிலியோடு சேர்ந்து வளையமாக நிற்க, மூன்றாவது அந்த வளையத்துக்குள் புகுந்து போகிறது. முடிச்சு இறுகிவிடும். 1960களில் லோரன்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர், காங்கோவில் பிரசவம் விரைவாக ஆவதற்காகப் பெண்கள் வேறொரு செடியைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைக் கவனித்தார். அதிலிருந்த கலட்டா பி1 என்ற சைக்ளோடைடு அந்தக் கொதியிலும் சிதையவில்லை. அது வட்டமானது என்று தெரியவந்ததோ 1995இல்.

இப்போது புழுவுக்கு வருவோம். பருத்திக் காயைத் துளைக்கிற நம் பச்சைக் காய்ப்புழுவுக்கே கலட்டா பி1 கலந்த தீனி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குடலில் செரிக்காமல் நிற்கும் புரதம் குடல் செல்களின் சவ்வைப் பிடித்துக் குலைக்கிறது. செல்கள் வீங்கி வெடிக்கின்றன. புழு வளராமல் குன்றிப்போகிறது.

ஆஸ்திரேலியாவில் சங்குப்பூச் சாற்றிலிருந்து செரோ-எக்ஸ் என்ற பூச்சி மருந்தே வந்துவிட்டது. அதற்காக வேலியில் பறித்ததை அரைத்துப் பருத்திக்கு அடித்து, அதையே நம்பி இருந்துவிடாதீர்கள். எவ்வளவு சைக்ளோடைடு கரைந்து வந்தது என்பதை வீட்டில் அளக்க முடியாது.

அப்புறம், ஒற்றை இதழ் மட்டும் பெரிதாக இளஞ்சிவப்பில் பூக்கும் ஓரிதழ்தாமரை தெரியுமல்லவா? அதிலும் சைக்ளோடைடுகள் இருக்கின்றன. எங்கள் கொல்லையில் களை வெட்டும்போது அதை மட்டும் விட்டுவிடச் சொல்வேன்.