வீட்டிலேயே குழந்தைகளோடு சேர்ந்து அலங்கார சாக்லேட் குக்கீஸ் செய்வது எப்படி? எங்களிடம் ஓவன் இல்லை. பிள்ளைகளுக்கு 5 வயது, 9 வயது.

முதலில் ஒரு வேண்டுகோள். சாக்லேட் சிப் குக்கீ செய்முறையை வைத்துக்கொண்டு அலங்காரத்தில் இறங்காதீர்கள். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். ஆனால் அது சூட்டில் இளகிப் பரவ வேண்டிய பண்டம், பரவினால்தான் அதற்கு ருசி. பூனை வடிவில் வெட்டி உள்ளே வைத்தால், காதும் வாலும் உடம்போடு ஒன்றிப்போய் ஏதோ ஒரு தீவின் வரைபடம் வெளியே வரும். போதாக்குறைக்கு அதில் சர்க்கரை அதிகம். அதன்மேல் ஐசிங், அதற்கு மேல் ஜெம்ஸ் என்று அடுக்கினால் குழந்தைகளே பாதி கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிடுவார்கள்.

அலங்காரத்துக்கு ஏற்றது தட்டையான, வடிவம் மாறாத, லேசான கசப்பு எட்டிப்பார்க்கிற கோகோ பிஸ்கட்தான். பேக்கிங் பவுடர், சோடா, முட்டை எதுவும் வேண்டாம். முட்டை இல்லாததில் இன்னொரு நிம்மதி, பிசையும்போது பிள்ளைகள் விரலை நக்கினாலும் பயம் சற்றுக் குறைவு. குறைவுதான், இல்லாமல் போய்விடவில்லை. பச்சை மைதாவிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால் மாவை உருட்டி வாயில் போட விடாதீர்கள்.

என் அளவு இது: மைதா 200 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 40 கிராம், வெண்ணெய் 125 கிராம், மிக்ஸியில் பொடித்த சர்க்கரை 100 கிராம், வெனிலா எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, பால் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி. அளவான அச்சில் 30 பிஸ்கட் வரை வரும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மஞ்சள் நிறப் பாக்கெட் வெண்ணெயில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, தனியாகச் சேர்க்க வேண்டாம். சர்க்கரையைப் பொடிக்காமல் போடுவது நல்லதல்ல. பரல் பரலாக இருக்கும் சர்க்கரை அடுப்புச் சூட்டில் கரைந்து பிஸ்கட்டைப் பரவவைக்கும். கோகோவில் வெளிர் பழுப்பு வகையும் உண்டு, காரம் சேர்த்துப் பக்குவப்படுத்திய கருநிற வகையும் உண்டு. சோடா சேர்க்கும் கேக்குகளில்தான் இந்த வேறுபாடு முக்கியம். இங்கே எது கிடைத்தாலும் சரி, ஆனால் கறுப்பில் வெள்ளை ஐசிங் எடுப்பாகத் தெரியும்.

ஒரு துணைச் செய்தி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக வளர்க்கிறார்கள். அந்த வழியாகப் போக நேர்ந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பலாவைப் போலவே அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும் மரம் அது. சாக்லேட் அங்கிருந்து வருகிறது என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் நன்றாகக் குழையுங்கள். நுரைக்க அடிக்க வேண்டாம். காற்று ஏறினால் பிஸ்கட் உப்பிப் பின் அமுங்கும். எசன்ஸ், பிறகு சலித்த மைதாவும் கோகோவும், கடைசியில் உருண்டு சேரும் அளவுக்கு மட்டும் பால். சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசைந்தால் பிஸ்கட் கடிக்க முடியாதபடி கெட்டியாகிவிடும். திரண்டதும் நிறுத்திவிடுங்கள். சலிக்கும் வேலையை ஐந்து வயதுக்காரரிடம் கொடுக்கலாம், கோகோ சுவர் வரை பறக்கும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எடை போடுவது ஒன்பது வயதுக்காரரின் வேலை. தராசில் எண் 199-இலிருந்து 200-க்கு மாறுவதற்காக ஒவ்வொரு சிட்டிகையாகப் போடும் பொறுமை அந்த வயதில்தான் இருக்கிறது.

இனி வெயில். நம் ஊர் சமையலறையில் பிஸ்கட்டுக்கு உண்மையான எதிரி அதுதான். பிற நாட்டுச் செய்முறைகளில் "அறை வெப்பத்தில் வெண்ணெய்" என்று எழுதியிருப்பார்கள், மே மாதத்துச் சென்னையில் அறை வெப்பத்தில் வெண்ணெய் வைத்தால் எண்ணெய்தான் மிஞ்சும். ஆகவே மாவைப் பிசைந்த கையோடு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, சப்பாத்திக் கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அப்படியே தட்டோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். உருண்டையாகக் குளிரவைத்துப் பிறகு தேய்ப்பதைவிட இது எளிது, கையும் வலிக்காது. வெளியே எடுத்து அச்சால் வெட்டுங்கள். ஒட்டினால் மைதா தூவாதீர்கள், வெந்தபின் வெள்ளைத் திட்டாகத் தெரியும். கோகோவையே தூவுங்கள். அச்சு இல்லையென்றால் டம்ளரின் வாய், பாட்டில் மூடி எல்லாம் அச்சுதான். வெட்டிய துண்டுகளை மறுபடி பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுப்புக்குக் கொண்டுபோனால் பூனைக்குக் காது நிற்கும்.

ஓவன் இல்லாதது பெரிய தடையில்லை. அடிகனமான கடாய் அல்லது இட்லிப் பானை, உள்ளே ஒரு வளைய ஸ்டாண்டு, அதன்மேல் வைக்க ஒரு அலுமினியத் தட்டு, இறுக்கமான மூடி போதும். தண்ணீர் ஊற்றாமல் மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு தட்டில் பட்டர் பேப்பர் விரித்துப் பிஸ்கட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே வைத்து, தீயைக் குறைத்துவிடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகும். பேப்பர் தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நான்-ஸ்டிக் பாத்திரத்தை இப்படிக் காயவைக்காதீர்கள். பிரஷர் குக்கரையும் தண்ணீர் இல்லாமல் சூடேற்றச் சொல்லமாட்டேன், பலர் செய்கிறார்கள் என்றாலும். ஒரு நேரத்தில் ஏழெட்டுதான் வேகும் என்பது மட்டும் கடாயில் உள்ள சங்கடம். பின்னால் ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவன் வாங்கினால் 170 டிகிரியில் 11 முதல் 13 நிமிடம்.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, முதலிலிருந்தே கறுப்புத்தானே. ஓரத்தைக் கரண்டி நுனியால் தொட்டால் கெட்டியாகவும், நடுவில் தொட்டால் சற்று மெத்தென்றும் இருக்க வேண்டும். நடுப்பகுதியும் கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் ஆறியபின் கல்லாகிவிடும். வாசனையும் துப்புக் கொடுக்கும்: சாக்லேட் மணம் வீடு முழுக்கப் பரவும்போது மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், மணத்தில் லேசாகக் காரல் ஏறினால் அடி கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். எடுத்த சூட்டில் தொட்டால் உடைந்துவிடும். ஐந்து நிமிடம் தட்டிலேயே கிடக்கட்டும். இந்தப் பகுதி முழுவதும் பெரியவர் வேலை, பிள்ளைகள் கைக்கெட்டாத தூரத்தில் நிற்கட்டும்.

இந்தப் பதிலில் நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சுடுவதையும் அலங்கரிப்பதையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான பிஸ்கட்டில் ஐசிங் போட்டால் வழிந்தோடிவிடும், முழுக்க ஆற ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த ஒரு மணி நேரம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு யுகம். "ஆறிடுச்சா, ஆறிடுச்சா" என்று வந்து நின்றே நம்மைக் களைப்படையச் செய்துவிடுவார்கள், கடைசியில் அலங்காரம் தொடங்கும்போது இரு தரப்புக்கும் பொறுமை இருக்காது. இரவே சுட்டு டப்பாவில் போட்டுவிடுங்கள். மறுநாள் மாலை, வயிறு நிறைந்த பிறகு, தரையில் செய்தித்தாள் விரித்து உட்காரவைத்தால் அரை நாள் போவது தெரியாது. பசியோடு உட்கார்ந்தால் அலங்காரப் பொருளில் பாதி வாய்க்குள் போய்விடும்.

ஐசிங்குக்குக் கடையில் விற்கும் ஐசிங் சுகரையே வாங்குங்கள். வீட்டில் பொடித்தது எவ்வளவு சலித்தாலும் நறநறக்கும். ஒரு கப் சர்க்கரைக்கு நான்கு தேக்கரண்டிப் பால், அதையும் ஒவ்வொரு கரண்டியாகத்தான் விட வேண்டும். அரைக் கரண்டி கூடினால்கூட நீர்த்துவிடும். கரண்டியிலிருந்து ஒழுகும் கோடு சுமார் பத்து எண்ணுவதற்குள் மறைந்தால் பரப்பிப் பூசுவதற்குச் சரியான பதம். மறையாமல் அப்படியே நின்றால் கோடு போடுவதற்கு. பைப்பிங் பை தேட வேண்டாம், தடித்த பிளாஸ்டிக் உறையை மருதாணிக் கோன்போலச் சுருட்டி நுனியை ஊசிமுனை அளவு வெட்டினால் போதும். கோன் பிடிப்பது பிள்ளைகளுக்கு இரண்டு பிஸ்கட்டில் வந்துவிடும். நிறத்துக்குப் பீட்ரூட் சாறும் சிட்டிகை மஞ்சளும் போதும். மஞ்சள் அதிகமானால் ரசம் வாசனை வரும்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது கோலம். கருநிறப் பிஸ்கட்டில் வெள்ளைக் கோடு விழுந்தால் அசல் சாணம் மெழுகிய வாசல்தான். உண்ணும் பண்டத்துக்கு இப்படி உவமை சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து, சுற்றி ஒரு சிக்குக் கோடு. பெரிய பெண் மூச்சை அடக்கிக்கொண்டு, நாக்கை உதட்டோரம் துருத்தியபடி இழுத்துக்கொண்டிருப்பாள். சின்னவன் அதற்குள் தன் பிஸ்கட்டுக்கு ஐந்து கண் வைத்து "இது எல்லாப் பக்கமும் பார்க்கும்" என்று விளக்கம் கொடுத்திருப்பான். திருத்தப் போகாதீர்கள்.

ஒட்டவைக்க ஜெம்ஸ், வண்ண வண்ணச் சோம்பு மிட்டாய், கொப்பரைத் துருவல், காதுக்குப் பாதி முந்திரி எல்லாம் உதவும். ஜெம்ஸை அடுப்புக்குள் வைக்கக் கூடாது, மேல் ஓடு வெடித்துவிடும். ஐசிங் ஈரமாக இருக்கும்போதே அழுத்த வேண்டும். கேக் கடையில் விற்கும் வெள்ளி நிறக் குண்டுகள் பல்லுக்குக் கேடு, விட்டுவிடுங்கள். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தை யாராவது கூட இருந்தால் முழுக் கடலை, முந்திரி, ஜெம்ஸ் எதுவும் அதன் கைக்குப் போகாமல் பாருங்கள், தொண்டையில் சிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் கடலை ஒவ்வாமை உண்டா என்று அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்க ஆசைப்பட்டால் "காம்பவுண்ட்" என்று போட்டிருக்கும் கட்டியை வாங்குங்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் பக்குவம் பார்க்காமலே உறையும். சுவையில் அசல் சாக்லேட்டுக்கு ஒரு படி கீழேதான், ஆனால் அசல் நம் வெயிலில் கையிலேயே உருகும். வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிதிரியாக இறுகிவிடும். நீரில் கரையும் கலரை அதில் ஊற்றினாலும் இதே கதிதான்.

அலங்கரித்ததை மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, மேற்பரப்பு விரலில் ஒட்டாத பிறகே எவர்சில்வர் டப்பாவில் அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள். வெயில் நாளில் மூன்று நான்கு மணி நேரம் போதும். மழைக்காலத்தில் இரவு முழுக்க விட்டாலும் பிசுபிசுக்கும், ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் ஐசிங்கைக் குறைத்துக் கோடு மட்டும் போடுங்கள். ஒரு வாரம் மொறுமொறுப்பு குறையாது. ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் கலங்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் ஐசிங் போட்டதை அனுப்புங்கள், சாக்லேட்டில் முக்கியதை அனுப்பினால் மதியத்துக்குள் கணக்கு நோட்டில் கைரேகை விழும்.