கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: ஜாவா இருந்தும் ‘இல்லை’ என்கிறதே பிரவுசர்!

கேள்வி: துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கிறோம். உபுண்டு 22.04. பழைய சர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் கன்சோலைப் பிரவுசரில் திறந்தால் ‘ஜாவா ப்ளக்-இன் இல்லை’ என்று வருகிறது. ஜாவா 17 இருக்கிறது. மூன்று முறை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டும் பயனில்லை.
– வாசகர், ராயபுரம்

பதில்: நாலாவது முறை போடாதீர்கள். ஜாவாவில் குறை இல்லை. பிரவுசருக்குள் அது நுழைய என்பிஏபிஐ என்று ஒரு வாசல் இருந்தது. லினக்ஸ் குரோம் 2014-லும், ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் வந்த 52-ஆம் பதிப்பிலும் அதை அடைத்துவிட்டன. ஆரக்கிளும் 2018-இல் ஜாவா 11 வந்தபோது ப்ளக்-இன்னை நீக்கிவிட்டது. மொசில்லா ஃபோல்டரில் லிங்க் போடச் சொல்லும் பழைய குறிப்புகள் இனி எதற்கும் உதவாது.

ஜாவாவைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டுவதுதான் வழி. கன்சோல் பட்டனை அழுத்தினால் ஜேஎன்எல்பி ஃபைல் (ஜாவா புரோகிராமைத் தொடங்கி வைக்கும் சிறு ஃபைல்) ஒன்று இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் பாதி வேலை முடிந்தது. சாஃப்ட்வேர் போட உதவும் சினாப்டிக்கில் ‘ஓப்பன்ஜேடிகே-8-ஜேஆர்இ’, ‘ஐஸ்ட்டீ-நெட்எக்ஸ்’ இரண்டையும் தேர்ந்தெடுங்கள். பெயரின் கடைசியில் ‘ஹெட்லெஸ்’ என்று இருப்பதை மட்டும் எடுத்தால் விண்டோவே திறக்காது. பலர் சறுக்குவது இங்கேதான். பிறகு டெர்மினலில் ‘ஐடிவெப்-செட்டிங்ஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்து, ஜேவிஎம் பகுதியில் ஜாவா 8 இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். ஜாவா 17 பாட்டுக்கு இருக்கட்டும், அழிக்க வேண்டாம்.

இறங்கிய ஃபைலின் பெயரையும் கவனியுங்கள். சில சர்வர்கள் ஜேஎன்எல்பி என்பதற்குப் பின்னால் ஐபி எண், அடைப்புக்குறி என்று வாலை நீட்டிவிடும். அப்போது டபுள் கிளிக் வேலை செய்யாது. வாலை வெட்டிப் பெயரை மாற்றுங்கள். நேற்றைய ஃபைலும் ஆகாது. லாகின் அடையாளம் அதற்குள்ளேயே இருப்பதால் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்குங்கள்.

இதற்கு மேலும் ‘எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக்’ பிழை வந்தால், சர்வருக்கு டிஎல்எஸ் 1.0 என்ற பழைய பாதுகாப்பு முறை மட்டுமே தெரிவது காரணமாக இருக்கலாம். 2021 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து ஜாவா 8 அதை ஏற்பதில்லை. ஈடிசி ஃபோல்டருக்குள் ஜாவா 8-இன் செக்யூரிட்டி ஃபோல்டரில் உள்ள ‘ஜாவா.செக்யூரிட்டி’ ஃபைலை முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அதில் ‘ஜேடிகே.டிஎல்எஸ்.டிசேபிள்ட்அல்காரிதம்ஸ்’ வரியிலிருந்து டிஎல்எஸ்வி1, டிஎல்எஸ்வி1.1 இரண்டையும் எடுங்கள். கையெழுத்திடாத ஜார் (ஜாவா புரோகிராம் அடங்கிய ஃபைல்) என்று புகார் வந்தால், ‘ஜேடிகே.ஜார்’ என்று தொடங்கும் இன்னொரு வரியில் எம்டி5 என்ற பழைய முறையின் பெயரை எடுத்துப் பாருங்கள். பாதுகாப்பைத் தளர்த்தும் வேலை இது. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் இருக்கும் சர்வருக்கு மட்டும் செய்யலாம். பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் கூடாது.

அந்த வாசலை அடைக்காத ஃபயர்பாக்ஸ் 52-இன் நீண்டகாலப் பதிப்பைத் தேடிப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கும் 2018-லேயே அப்டேட் நின்றுவிட்டது. வேண்டாம்.

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்ட்டை ஓட்டினால் ‘கிளாஸ் வெர்ஷன் 61, 55 வரைதான் தெரியும்’ என்கிறது. ஒன்றும் புரியவில்லை.
– மாணவி, வியாசர்பாடி

பதில்: எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் ஜாவா 17, 55 என்றால் ஜாவா 11. கம்பைல் செய்தது 17, ஓட்டுவது 11. டெர்மினலில் ‘சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா’ கொடுத்து 17-க்கு உரிய எண்ணைத் தட்டுங்கள். கடைசிச் சொல்லை ‘ஜாவாசி’ என்று மாற்றி இன்னொரு முறையும் செய்ய வேண்டும்; இரண்டும் தனித்தனி. ப்ராஜெக்ட்டைக் கட்டமைக்க மேவனோ கிரேடிலோ பயன்படுத்தினால், ஜாவா இருக்குமிடத்தைச் சொல்லும் ஜாவா_ஹோம் எந்தப் பதிப்பைக் காட்டுகிறது என்றும் பாருங்கள். காலேஜ் லேபில் 11-தான் என்றால், கம்பைல் செய்யும்போதே ‘--ரிலீஸ் 11’ சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய சிடியில் உள்ள இயற்பியல் ஆப்லெட்டுகள் (பிரவுசருக்குள் ஓடும் சிறு ஜாவா புரோகிராம்கள்) எந்தப் பிரவுசரிலும் தெரியவில்லை. பாடம் நடத்த வேண்டும்.
– ஆசிரியர், பெரம்பூர்

பதில்: ‘ஓப்பன்ஜேடிகே-8-ஜேடிகே’ போடுங்கள். அதில் ஆப்லெட்வியூவர் உண்டு. ஜாவா 11-இல் கிடையாது. சிடி முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் போய், ‘ஆப்லெட்வியூவர்’ என்று அடித்து ஒரு இடம் விட்டு எச்டிஎம்எல் ஃபைலின் பெயரைக் கொடுங்கள். ஆப்லெட் மட்டும் தனி விண்டோவில் திறக்கும். பக்கத்தில் உள்ள விளக்கமும் படமும் அதில் வராது. அவற்றை ஃபயர்பாக்ஸில் திறந்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.