வீடு, கடை, அலுவலகம் எல்லாம் சேர்ந்த புதுக் குடியிருப்பில் போக்குவரத்து விஷயமாக எதைப் பார்க்க வேண்டும்?

ஊர் ஓரத்தில் பெரிய குடியிருப்பு ஒன்று வருகிறது, வீடு, கடை, அலுவலகம், பள்ளி எல்லாம் ஒரே இடத்தில், ‘பசுமை நகரம், போக்குவரத்து வசதியோடு’ என்று விளம்பரம் செய்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் பொங்கோலில் 2004இலிருந்து குடியிருக்கிறேன். கட்டட வரைபடம் போடுவது தொழில். புதர்க்காடாகக் கிடந்த இடம் நகரமாக எழும்புவதை இருபது வருஷமாக வீட்டுச் சன்னல் வழியே பார்த்துவிட்டேன். அதை வைத்துச் சொல்கிறேன்: முதலில் கட்டடத்தின் அழகைப் பார்க்காதீர்கள். எது முதலில் வருகிறது, எது பிறகு வருகிறது என்ற வரிசையைப் பாருங்கள்.

பொங்கோல் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைகளும் கடலுணவுக் கடைகளும் இருந்த மூலை. 1996இல் ‘பொங்கோல் 21’ என்ற திட்டத்தை அறிவித்தார்கள். மறுவருஷமே ஆசிய நிதி நெருக்கடி வந்து எல்லாம் மெதுவாகிவிட்டது. நாங்கள் குடிவந்தபோது எங்கள் புளோக்கை (அடுக்குமாடிக் கட்டடத்தை) சுற்றிச் சில புளோக்குகள், அதைத் தாண்டினால் மண்ணும் புல்லும்தான். ஆனால் ரயில் இருந்தது. வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூன் 20ஆம் தேதி திறந்துவிட்டது. இருபது கிலோமீட்டர், பொங்கோலில் ஏறினால் வண்டி மாறாமல் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் இறங்கி மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு வரலாம். கடை இல்லாத ஊருக்கு என் அம்மா வரச் சம்மதித்ததே அதனால்தான்.

அதே பாதையில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிற புவாங்கோக்கில் வேறு கதை. பாதை திறந்த அன்று 16 நிலையங்களில் இரண்டைத் திறக்கவில்லை: புவாங்கோக், உட்லீ. சுற்றிலும் போதுமான வீடுகள் வரவில்லை, திறந்தால் நட்டம் என்பது காரணம். நிலையம் முழுசாகக் கட்டியாயிற்று, வண்டி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் நிற்காது. அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்தவர்கள் அந்த நிலத்தடி நிலையத்துக்கு மேலே நடந்துகொண்டிருந்தார்கள். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது சாலையோரம் எட்டு அட்டை யானைகள் நின்றன, எல்லாம் வெள்ளை. காசைக் கொட்டிக் கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதை வெள்ளை யானை என்பார்கள். நாடு முழுக்கப் பேச்சானது. 2006 ஜனவரியில் புவாங்கோக் திறந்தது. உட்லீ 2011 வரை காத்திருந்தது.

இதை வைத்து, நிலையத்தை முன்கூட்டியே கட்டியதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். குடியேறி முடிந்த ஊருக்கு அடியில் பிறகு தோண்டுவது எவ்வளவு செலவு, எத்தனை வருஷ இடைஞ்சல் என்று வரைபடம் போடுகிற எனக்குத் தெரியும். இடத்தை ஒதுக்கி, கூட்டைக் கட்டி வைப்பது புத்திசாலித்தனம். திறக்கிற நாளைத்தான் கணக்குப் பார்த்துத் தள்ளக் கூடாது. ஏனென்றால் முதல் ஆறு மாதத்தில் மனிதன் எப்படி வேலைக்குப் போகப் பழகுகிறானோ அதுதான் நிலைக்கும். எங்கள் மாடியில் ஓர் அண்ணன் குடிவந்த வருஷமே கார் வாங்கினார். இங்கே கார் வாங்க ‘சிஓஇ’ என்ற உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அது பத்து வருஷத்துக்குச் செல்லும். அவ்வளவு காசு கட்டியவர் காரை நிறுத்திவிட்டு ரயிலில் போவாரா? எங்கள் வீட்டருகே ஓடும் எல்ஆர்டி என்ற சிறு ரயிலின் கிழக்கு வளையம் 2005 ஜனவரியில் வந்தது. அவர் அதில் ஏறி நான் பார்த்ததே இல்லை. பேருந்து ஆறு மாதம் தாமதமானால் ஒரு குடும்பத்தைப் பத்து வருஷத்துக்கு இழக்கிறீர்கள்.

இதற்கு மாறாக, நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். எல்ஆர்டி மேற்கு வளையத்தில் தெக் லீ என்று ஒரு நிலையம். வளையம் 2014இல் ஓடத் தொடங்கியும் அதைச் சுற்றி ஒன்றுமில்லை என்பதால் பத்து வருஷம் மூடியே இருந்தது. பக்கத்தில் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் புது வளாகம் வந்ததும், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அங்கே அதுவரை குடியிருப்பவர் யாரும் தவிக்கவில்லை, மாணவர்கள் வந்தபோது நிலையம் தயாராக இருந்தது. காத்திருந்தது மனிதர் இல்லை, கட்டடம்.

அப்புறம் ‘எல்லாம் சேர்ந்த’ என்ற சொல். விளம்பரத்தில் இதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். பெரும்பாலும் கீழே கடை, மேலே வீடு, அவ்வளவுதான். அது போதாது. காலை ஏழரை மணிக்கு எங்கள் நிலையத்தில் நின்றால் புரியும். பல வருஷம் பொங்கோல்தான் கடைசி நிலையம், அதனால் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். நான்கைந்து நிறுத்தம் தாண்டிச் சிராங்கூன் வரும்போது பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏற வேண்டியிருக்கும். அதே நேரம் எதிர்த் திசையில் நகரத்திலிருந்து பொங்கோலுக்கு வரும் வண்டி காலியாக வரும். அதே பாதை, அதே வண்டிகள், அதே மின்சாரம், பாதிதான் பயன். வீட்டை மட்டும் கட்டி வேலையைக் கட்டாவிட்டால் இதுதான் நடக்கும். எவ்வளவு ரயில் விட்டாலும் போதாது.

அதைச் சரிசெய்யத்தான் பொங்கோல் டிஜிட்டல் வட்டாரம் வந்தது. கடலோரமாக 50 ஹெக்டர், ஏறக்குறைய 28,000 வேலைகளுக்கு இடம், நடுவில் பல்கலைக்கழகம். பாதையை 1.6 கிலோமீட்டர் நீட்டி 2024 டிசம்பர் 10ஆம் தேதி பொங்கோல் கோஸ்ட் நிலையத்தைத் திறந்தார்கள். இனி காலையில் எங்கள் பக்கம் வருகிறவர்களும் இருப்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது நில விதியைத் தளர்த்திய விதம். வழக்கமாக ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக இது தொழிலுக்கு, இது கல்விக்கு என்று முத்திரை குத்திவிடுவார்கள், ஓர் அடி அந்தப் பக்கம் போக முடியாது. இங்கே வட்டாரம் முழுவதையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அதனால் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் தொழிற்பேட்டைக் கட்டடத்தில் இருக்கலாம், நிறுவனத்தின் ஆராய்ச்சி அறை கல்லூரி வளாகத்தில் இருக்கலாம். மாணவன் மாடிப்படி இறங்கி வேலைப் பயிற்சிக்குப் போகலாம். நான் போட்ட எத்தனையோ வரைபடங்களில் இரண்டு மனைகளுக்கு நடுவே ஒரு வேலியை வரைந்துதான் பழக்கம், வேலி இல்லாத வரைபடத்தைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் குறையையும் சொல்கிறேன். நாங்கள் வந்து இருபது வருஷம் கழித்துத்தான் இது வந்தது.

அடுத்தது, நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரையிலான தூரம். ‘நிலையத்துக்கு 400 மீட்டர்’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்த 400 மீட்டரா, காலால் நடக்கிற 400 மீட்டரா என்று கேளுங்கள். வெயிலும் மழையும் இருக்கிற ஊரில் கூரை இருக்கிறதா என்பது இன்னும் முக்கியம். இங்கே 2013இல் ஒரு திட்டம் போட்டு, ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள்ளும் எல்ஆர்டி நிலையம், பேருந்துச் சந்திப்பு இவற்றைச் சுற்றி 200 மீட்டருக்குள்ளும் பள்ளி, மருத்துவ நிலையம் போன்ற இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதை கட்டினார்கள். 2018க்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் கட்டி முடித்தார்கள். ரயிலை விடப் பல மடங்கு மலிவான வேலை.

என் அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. இரண்டு சக்கரத் தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போவார். புளோக்குக்குக் கீழேயிருந்து நடைபாதைக் கூரை தொடங்கும். மழை கொட்டினாலும் குடை விரிக்க மாட்டார். ஒரே ஓர் இடத்தில், சிறிய சாலையைக் கடக்கும் இடத்தில், பத்தடி தூரம் கூரை விட்டுப் போயிருந்தது. அந்தப் பத்தடியில் ஒரு கையில் பை, ஒரு கையில் குடை, சாலை ஓரத்தில் இரண்டு அங்குல மேடு. மழை நாளில் அதற்குப் பயந்தே வீட்டில் இருந்துவிடுவார். இருபது கிலோமீட்டர் ரயில் பாதை அவருக்கு அந்தப் பத்தடியில் அறுந்து போகும். பிறகு கூரையை நீட்டி, மேட்டைச் சரிவாக்கினார்கள். இப்போது தாராளமாகப் போகிறார்.

கட்டணத்தையும் விசாரியுங்கள். இங்கே 2010 ஜூலையிலிருந்து போகும் தூரத்துக்குத்தான் காசு. பேருந்திலிருந்து எல்ஆர்டிக்கும் அங்கிருந்து எம்ஆர்டி என்ற பெரிய ரயிலுக்கும் மாறினாலும் ஒரே பயணமாகக் கணக்காகும். மாறுகிற ஒவ்வொரு முறையும் புதுச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தால் இணைப்புப் பேருந்தில் யாரும் ஏற மாட்டார்கள்.

பசுமை பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஊரில் ட்ரீலாட்ஜ் என்று ஒரு குடியிருப்பு, ஏழு புளோக், 712 வீடு, 2010இல் கட்டி முடிந்தது. கூரையில் சூரியத் தகடு, மறுசுழற்சிக் குப்பைக்குத் தனிக் குழாய் எல்லாம் உண்டு. இரண்டு நீர்த்தேக்கங்களை இணைத்து 4.2 கிலோமீட்டருக்கு வெட்டிய கால்வாய் இருக்கிறது, மாலையில் அதன் கரையில் நடக்காத நாள் எனக்கு இல்லை. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு திட்டம் எவ்வளவு பசுமையானது என்று தெரிய நான் முதலில் திறந்து பார்ப்பது கார் நிறுத்துமிட வரைபடத்தை. வீட்டுக்கு இரண்டு கார் இடம் ஒதுக்கியிருந்தால், அங்கே பேருந்து ஓடும் என்று வரைந்தவரே நம்பவில்லை என்று பொருள்.

ஆகவே விற்பனை அலுவலகத்துக்குப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். முதல் சாவி கொடுக்கிற தேதி என்ன, முதல் பேருந்து ஓடுகிற தேதி என்ன, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அலுவலகக் கட்டடம் முதல் கட்டத்தில் வருகிறதா, கடைசிக் கட்டத்தில் தள்ளியிருக்கிறார்களா? வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஒருநாள் உச்சி வெயிலில், வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு, மனையிலிருந்து நிறுத்தம் வரப்போகிற இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.