சோனாப்பூர் கேம்ப்பில் ஜெபம் நின்றுபோன தம்பிக்கு

கிருஷ்ணகிரி பக்கத்து எலத்தகிரியிலிருந்து துபாய் வந்து மூன்று மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மார்பிள் பதிக்கும் வேலை, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஆறு பேர் ரூம், ஞாயிறும் அடிக்கடி டியூட்டி. ஊரில் தினம் ஜெபமாலை, வாரம் தவறாத பூசை. இங்கே இரண்டும் நின்றுவிட்டன. அம்மா போனில் கேட்டால் "போனேன்மா" என்று பொய் வருகிறது. விசுவாசமே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறதாம்.

போகவில்லை தம்பி. ஊரில் உன் ஜெபத்தில் பாதியை ஊரே செய்தது. மணி அடித்தது, உபதேசியார் கூப்பிட்டார், அன்பியம் (அக்கம்பக்கத்து ஜெபக்குழு) வீட்டு வாசலுக்கே வந்தது, எட்டரை ஆனால் அம்மா டிவியை நிறுத்தினார். இங்கே அதில் ஒன்றும் கிடையாது. அதனால் மனதைக் கிளறிப் பார்ப்பதை விட்டு, முதலில் நேரத்தைச் சரிசெய்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு எப்போதும் ஒன்றுதான்: ஊரின் நேரத்தையே இங்கும் பிடிக்கப் பார்ப்பது. பன்னிரண்டு மணி நேரம் கல் தூக்கிவிட்டு வந்து, குளியலறைக்கு வரிசையில் நின்று, சமைத்துச் சாப்பிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜெபமாலை தொடங்கினால் இரண்டாவது பத்து மணிக்குள் (பத்து 'அருள்நிறைந்த மரியே' கொண்ட ஒரு பகுதி) குறட்டை வந்துவிடும். நாலு நாள் இப்படிப் போனால் குற்ற உணர்ச்சி வரும், ஐந்தாம் நாள் அடியோடு நின்றுவிடும். உடம்பு ஓய்ந்த நேரத்தில் ஜெபத்தை வைக்காதே. கம்பெனி பஸ்ஸில் வை. ஐந்து பத்து மணிகளுக்கும் சேர்த்துப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் போகும் நேரத்தில் முடிந்துவிடும். மாலையைக் கையில் எடுக்கக் கூச்சமாக இருந்தால் விரலை எண்ணு, பத்து விரல் ஒரு பத்து மணி. அன்றன்று தியானிக்கும் மறைபொருள் இப்படி: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி.

முழு மாலை முடியாத நாளில் ஒரு பத்து மணியாவது சொல். அதைக் குறைவாக நினைக்காதே. நாளை தொடர்வதற்கு அந்த ஒன்று போதும்.

விவிலியம் வாசிக்கத் தொடக்க நூலிலிருந்து ஆரம்பிக்காதே. பலர் விடுதலைப் பயணம் பாதி வரை வேகமாக வந்து, லேவியர் பலிச் சட்டங்களில் மாட்டிக்கொண்டு மூடிவைக்கிறார்கள். மாற்கு நற்செய்தியில் தொடங்கு. 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று என்றால் அரை மாதம். முடிந்ததும் அன்றன்றைய பூசை வாசகத்துக்கு மாறிக்கொள். அந்த வாசகம் பெரும்பாலும் உலகம் முழுக்க ஒன்றே. எலத்தகிரியில் அம்மா காலையில் கேட்டதையே நீ இங்கே வாசிப்பாய், இரவு போனில் பேசவும் ஒரு விஷயம் கிடைக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் மதியம் 12.30 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதில் பத்து நிமிடம் இதற்கு எடு, மீதி நேரம் தூங்கு.

வீட்டோடு சேர்ந்து ஜெபமாலை சொல்ல ஆசையா? இந்திய நேரம் இங்கிருந்து ஒன்றரை மணி முன்னே. ஊரில் எட்டரை என்றால் உனக்கு ஏழு, பெரும்பாலும் அப்போது நீ பஸ்ஸில்தான் இருப்பாய். வாட்ஸ்அப் கால் இங்கே வேலை செய்யாது. இன்டர்நெட் காலிங் பேக்கேஜ் போட்டு போட்டிம் (Botim) ஆப் வைத்துக்கொள், அல்லது அம்மாவை ஒரு பத்து மணியை வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல். அது போதாதா?

இனி பூசை. துபாயில் உனக்குப் பக்கம் ஊத் மேத்தாவில் உள்ள புனித மரியா ஆலயம். சோனாப்பூரிலிருந்து மெட்ரோ கிரீன் லைனுக்கு வந்து ஏறிவிட்டால் மாறாமல் ஊத் மேத்தா ஸ்டேஷன். ஒன்று கவனி: ஞாயிறு மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அதிகாலைப் பூசையை நம்பிக் கிளம்பினால் ஸ்டேஷன் வாசலில் நிற்பாய். அதைவிடச் சனி மாலைப் பூசை நல்லது, அதுவே ஞாயிறு கடனைத் தீர்க்கும். தமிழ்ப் பூசையும் உண்டு, நேரத்தை ஆலய அறிவிப்புப் பலகையில் பார். ஜெபல் அலி பக்கம் கேம்ப் மாறினால் அங்கே புனித பிரான்சிஸ் அசிசி ஆலயம். சி.எஸ்.ஐ. நண்பர்கள் இருந்தால் ஊத் மேத்தாவிலேயே ஹோலி டிரினிட்டி வளாகத்தில் பல மொழிச் சபைகள் முறைவைத்து ஆராதனை நடத்துகின்றன.

டியூட்டியே விழுந்துவிட்டால்? திருச்சபைச் சட்டம் 1248 இதற்கும் வழி சொல்கிறது: பெரிய காரணத்தால் வர முடியாதவர் இறைவார்த்தை வழிபாட்டிலோ ஜெபத்திலோ தகுந்த நேரம் செலவிடும்படி வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. அது பாவக் கணக்கில் வராது. ஆனால் இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டமும் உன் பக்கம்தான். தினக்கூலி அல்லாதவரைத் தொடர்ந்து இரண்டு ஓய்வு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு நாளில் வேலை என்றால் மாற்று ஓய்வு, இல்லையேல் அந்த நாள் கூலியோடு அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 50 சதவீதம் கூடுதல். இதைச் சண்டையாகப் பேசாமல், "இந்த ஞாயிறு செய்கிறேன், அடுத்தது விடுங்கள்" என்று ஃபோர்மேனிடம் முன்கூட்டியே சொல். புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் இங்கே பொது விடுமுறை இல்லை, அவற்றுக்கு ஒரு மாதம் முன்பே லீவு கேள்.

சட்டம் என்றதும் இன்னொன்று. மாலையும் விவிலியமும் உன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கலாம், தடையில்லை. ஆனால் ரூமில் ஆள் சேர்த்து ஜெபக்கூட்டம் நடத்தாதே, துண்டுப் பிரசுரம் கொடுக்காதே, பக்கத்துக் கட்டில் இஸ்லாமிய நண்பருக்கு வசன ஃபார்வர்டு அனுப்பாதே. மதமாற்ற முயற்சி என்று புகார் போனால் வேலை போகும், சிறைவரைக்கும் போகலாம். அவர் கேட்டால் பதில் சொல். கேட்காதபோது அவர் தொழுகை நேரத்தில் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பதே உன் சாட்சி. "பன்னிரண்டு பேருக்கு அனுப்பு, ஆசீர்வாதம் வரும்" வகையறாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உண்மையில் விசுவாசம் சோதிக்கப்படுவது பணத்தில். சைட்டில் டைம் ஷீட்டில் வராத மணியை எழுதச் சொல்வார்கள், ஸ்டோரிலிருந்து கட்டிங் பிளேடைத் தூக்குவார்கள். "எல்லாரும்தானே" என்ற வார்த்தை முதல் வாரமே காதில் விழும். எனக்கு வேண்டாம் என்று ஒரு தடவை சத்தமில்லாமல் சொல்லிவிட்டால் பிறகு உன்னைக் கேட்கமாட்டார்கள். முதல் தடவை சிரித்து மழுப்பினால் ஒவ்வொரு மாதமும் கேட்பார்கள். ரெண்டு வருடம் போனால் பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்துப் பையன்கள் "அண்ணா, விசா" என்பார்கள். அதில் கமிஷன் வைக்காதே. இங்கத்திய சட்டப்படி ஆளெடுக்கும் செலவு முதலாளியுடையது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. நடுவில் நீ வாங்குவது ஒரு குடும்பம் கந்துவட்டிக்கு வாங்கிய பணம். அதை வாங்கிக்கொண்டு வெள்ளி தோறும் சிலுவைப்பாதை செய்து என்ன பயன்?

காணிக்கையிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வரும்போது வாங்கிய கடன் முடியாமலே ஊர்த் திருவிழாவுக்குப் பெரிய தொகை எழுதி, பேனரில் பெயர் போட வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. எனக்கு அது பக்தியாகத் தெரியவில்லை. கடனை முதலில் அடை, அதுவரை சிறு தொகை போதும். கத்தோலிக்கருக்குப் பத்தில் ஒன்று என்று கட்டாயக் கணக்கும் இல்லை. கேம்ப்பில் திருவிழா வரி வசூல் மட்டும் செய்யவே செய்யாதே. உரிமம் உள்ள அமைப்பு தவிர யாரும் பொதுவில் நிதி திரட்டக் கூடாது என்று 2021-ல் தனிச் சட்டமே வந்தது, வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் சிக்கல்தான். உன் பங்கை அம்மா கணக்குக்கு அனுப்பி, அவர் கையால் கட்டச் சொல். போனில் ஜெபித்துவிட்டு அக்கவுன்ட் நம்பர் அனுப்பும் போதகர்களைப் பிளாக் செய்.

தவக்காலத்தில் வீராப்பு வேண்டாம். கட்டாய ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) சாம்பல் புதனும் புனித வெள்ளியும்தான், அதுவும் கடும் உடலுழைப்புக்காரருக்கு விலக்கு உண்டு. வெறும் வயிற்றில் சாரத்தில் ஏறி மயங்கினால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. சிகரெட்டையோ ரீல்ஸையோ நாற்பது நாள் விடு. ரமலானும் அதே சமயம் வரலாம் (2026-ல் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கின). நோன்பிருப்பவர் முன் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் மறைவாகப் போய்க் குடி.

கடைசியாகக் காகித வேலை. ஊத் மேத்தாவுக்கு முதல் தடவை போகும்போதே தமிழ்க் குழு பொறுப்பாளரைக் கேட்டு உன் பெயரையும் நம்பரையும் பதிவு செய். நாளை லீவில் போய்க் கல்யாணம் என்றால் ஊர்ப் பங்குச் சாமியார் திருமண வகுப்புச் சான்றிதழ், ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், அதோடு நீ இங்கே இருந்த காலத்துக்கு "திருமணத் தடையில்லை" என்று இங்குள்ள பங்கின் கடிதமும் கேட்பார். முகமே தெரியாதவருக்கு அந்தக் கடிதம் எளிதில் கிடைக்காது. முப்பது நாள் லீவில் மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பும் வாசித்தாக வேண்டும், அதனால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கடிதத்தை வாங்கி ஊருக்கு அனுப்பிவிடு.