தீர்ப்புக்கு முன்னே காரணம்

மதிப்பிற்குரிய ஐயா,

டர்பனில் சட்டம் பயிலும் மாணவி நான். எங்கள் அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. சுப்பிரமணி வழக்கின் விவரங்களை மட்டும் தந்து, முடிவை மறைத்து, எங்களையே தீர்ப்பெழுதச் சொன்னார். பிறகு அதற்கு எதிர்த்தரப்பையும் எழுதச் சொன்னார். இதுவும் கற்பித்தலாகுமா?

சாட்ஸ்வொர்த் வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

ஆகும், நம் தென்னாப்பிரிக்க நாட்டு அரசியலமைப்பைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எட்டியென் முரேனிக், கட்டளைக்குப் பணிவதையே வழக்கமாகக் கொண்டிருந்த நாட்டை, அதிகாரம் செலுத்துவோர் ஒவ்வொரு முடிவுக்கும் நியாயம் காட்டியாக வேண்டிய நாடாக மாற்றும் பாலமாகவே, நிறவெறி ஆட்சியின் முடிவில் வந்த இடைக்கால அரசியலமைப்பு அமைய வேண்டும் என்று 1994இல் எழுதினார். அமைச்சரிடமே காரணம் கேட்கும் ஒரு சட்டத்தை, காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வைப்பது அச்சட்டத்துக்கே முரணானது.

உங்கள் பேராசிரியர் தேர்ந்த வழக்கும் தற்செயலானதன்று. சிறுநீரகங்கள் செயலிழந்த, வேலையற்ற 41 வயதுத் தமிழர் ஒருவர், டர்பன் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டு வழக்காடினார். இயந்திரங்கள் போதாமையால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளோர்க்கே தொடர் சிகிச்சை என்பது அங்கிருந்த விதி. அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு நாட்பட்ட நோய்க்குப் பொருந்தாது என்று 1997 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் மறுத்துவிட்டது. சில நாட்களிலேயே அவர் இறந்தார். முடிவை முதலிலேயே அறிந்தவர்கள் இவ்வழக்கை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

வீடு, மருத்துவம் போன்ற உரிமைகளில் நீதிபதிகள் தலையிட்டால் வரவுசெலவுத் திட்டத்தையே அவர்கள் வகுக்க நேரிடும் என்ற வாதத்துக்கு, அரசு தன் திட்டத்தை நியாயப்படுத்துமாறு கேட்டாலே போதும் என்று முரேனிக் 1992லேயே விடை தந்திருந்தார். 2000இல் குரூட்பூம் வீட்டுவசதி வழக்கில், அரசின் திட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய்ந்த முறை இதற்கு மிக நெருக்கமானது. ஆயினும், சொல்லப்பட்ட காரணம் நேர்மையானதாகவே இருந்து, கேட்டவர் உயிர் பிழைக்காதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு முரேனிக்கின் கோட்பாடு முழு விடை தருவதாக நான் கருதவில்லை. எதிர்த்தரப்பை எழுதும்போதுதான் அது உங்களுக்கு உறைக்கும்.

சிகிச்சை தர உத்தரவிட்டு எழுதியிருந்தால், அந்த இயந்திரத்தில் எந்த நோயாளியின் இடம் போகும் என்பதையும் எழுதுங்கள். மறுத்திருந்தால், காரணங்களை அந்த மனிதரிடமே சொல்வதுபோல் எழுதுங்கள். இதே வழக்கில் நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தனித் தீர்ப்பை அதற்குப் பிறகு படியுங்கள்.