பாதியில் நின்ற சன்ரூஃப்: கேள்வி பதில்

கார் கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி, அதாவது சன்ரூஃப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், முக்கால்வாசிப் பேருக்கு ஒரே புகார்தான்: ஐயோ, மாட்டிக்கொண்டது! ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சன்ரூஃப் நின்றுவிட்டால் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். தூசியால் நிற்கிற சன்ரூஃபை உடைப்பது பெரும்பாலும் அந்த விரல்தான்.

அண்ணே, மூடும்போது கண்ணாடி கடைசிவரை வந்துவிட்டுத் தானாகத் திரும்பத் திறந்துகொள்கிறது. வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். மோட்டார் போச்சா? (தாம்பரம்)

மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. யாருடைய கையாவது சிக்கினால் நசுங்கக் கூடாது என்று, தடை பட்டதும் பின்வாங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள். கண்ணாடி ஓடுகிற ரெயிலில் கிடக்கிற சருகும் காய்ந்து பிடிக்கிற ரப்பர் பீடிங்கும்கூட அதன் கணக்கில் கைதான்.

கண்ணாடியை எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்து வையுங்கள். கதவோரம் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் இரண்டு பக்கமும் அலுமினிய ரெயில் தெரியும். வேப்பம்பூ பழைய கிரீஸில் ஒட்டி, வெயிலில் காய்ந்து, புளிக்காய்ச்சல் மாதிரி கறுப்பாக உறைந்திருக்கும். முதலில் வேக்குவம் கிளீனரால் உதிரிக் குப்பையை இழுத்துவிடுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் பிழிந்த பனியன் துணியை விரலில் சுற்றி ரெயிலின் பள்ளத்தில் ஓட்டுங்கள். நாலைந்து தடவை கறுப்பாகவே வரும், சலித்துக்கொள்ளாதீர்கள். துணி வெளுப்பாக வந்த பிறகுதான் கிரீஸ். சிலிக்கோன் கிரீஸ் பக்கத்துக்கு ஒரு பட்டாணி அளவு போதும். மூன்று முறை திறந்து மூடி, ஓரத்தில் ஒதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். பீடிங்குக்குச் சிலிக்கோன் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவ வேண்டும். நேராக அடித்தால் முன்கண்ணாடியில் படிந்து, மழையில் வைப்பர் போடும்போது எதிரே ஒன்றும் தெரியாது.

எங்கள் மாமனார் தேங்காய் எண்ணெய் விட்டார். இரண்டு மாதம் வழுக்கிக்கொண்டு ஓடியது, இப்போது அசையவே இல்லை. (நாகர்கோவில்)

எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிட்டது. மேலே சொன்ன வைத்தியம்தான், சோப்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாக. டபிள்யூடி-40 அடிக்கலாமா என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடியுங்கள். ரெயிலில் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

திறந்தபடி நிற்கிறது, பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. மழை வேறு இருட்டிக்கொண்டு வருகிறது, சார். (கோவை)

சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கத்திலோ கையேட்டிலோ எது சன்ரூஃபுக்கு என்று இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள், ஒரு படி கூட்டிப் போட வேண்டாம். பல முறை தொடர்ந்து அழுத்தியிருந்தால் மோட்டார் சூடாகித் தானே நின்றிருக்கவும் கூடும். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், பல வண்டிகளில் உள்விளக்குக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினால் ஆலன் கீ நுழைகிற அறுகோணக் குழி இருக்கும். மெதுவாகத் திருகினால் கண்ணாடி நகரும். எந்தப் பக்கம் திருகுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். குழியே இல்லாத வண்டி என்றால் இன்றைக்குத் தார்ப்பாய்தான்.

பேட்டரி மாற்றினதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்கிறது. (திருச்சி)

கண்ணாடி எங்கே நிற்கிறது என்ற நினைவு அதற்குப் போய்விட்டது. ரீசெட் செய்ய வேண்டும். பல வண்டிகளில், மூடிய நிலையில் மூடும் பட்டனையே சில நொடி விடாமல் அழுத்தினால் கண்ணாடி லேசாக அசையும். விட்டுவிட்டு உடனே மறுபடி அழுத்திப் பிடித்தால், ஒருமுறை முழுக்கத் திறந்து மூடிக்கொள்ளும். நடுவில் விரலை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான வரிசை கையேட்டில் இருக்கும். பட்டனிலிருந்து விரலை எடுக்காதீர்கள் என்று நான் சொல்கிற ஒரே இடம் இதுதான்.

கடகடவென்று சத்தம். இடது ஓரம் முன்னால் போகிறது, வலது ஓரம் அங்கேயே நிற்கிறது. (சேலம்)

இதை வீட்டில் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் போலச் சுற்றிய உருக்குக் கேபிள் ஒவ்வொன்று இருக்கிறது. மோட்டாரின் பல்சக்கரம் அதைப் பிடித்துத்தான் கண்ணாடியைத் தள்ளுகிறது. வலது கேபிளில் பல் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கண்ணாடியைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் வழிகாட்டி உடைந்திருக்கும். இப்படி ஒருமுறை என் வண்டியில் கோணலாக நின்ற கண்ணாடியை நானே கையால் தள்ளி நேராக்கப் பார்த்தேன். டக்கென்று ஒரு சத்தம், இன்னொரு பக்க வழிகாட்டியும் போனது. இதற்குக் கூரை லைனிங்கை இறக்க வேண்டும். அதன் ஓரத்தில், மோதினால் வெடித்து விரிகிற கர்ட்டன் ஏர்பேக் ஓடுகிறது என்பதால் தெரிந்த ஆளிடம் விடுவதுதான் சரி.

சரியாக மூடுகிறது, ஆனால் மழையில் டிரைவர் கால்மிதி நனைகிறது. (சென்னை)

சன்ரூஃப் பீடிங் தண்ணீரை முழுசாகத் தடுக்காது, தடுக்கவும் வேண்டியதில்லை. உள்ளே வருகிற தண்ணீர் ஒரு தொட்டியில் விழுந்து, மூலைகளில் இருக்கிற குழாய் வழியாக வண்டிக்குக் கீழே போய்விடும். உங்களுக்கு முன்பக்கக் குழாய் அடைத்திருக்கலாம். முன்மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக விடுங்கள். கீழே சொட்டவில்லையா, புல்வெட்டி நைலான் நரம்பைப் பதமாக உள்ளே விட்டு அசையுங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். டயர் கடைக் காற்றும் வேண்டாம், அந்த வேகத்தில் குழாய் உள்ளே கழன்றுகொண்டால் அப்புறம் லைனிங்கே நனையும்.

எங்கள் வீட்டில் யாரும் திறப்பதே இல்லை. எம்-சீல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடலாமா? (திருநெல்வேலி)

வேண்டாம் சார். கூரை வெயிலில் விரிந்து சுருங்கும், எம்-சீல் கூடவே வளையாமல் வெடித்துவிடும். கண்ணாடியை இறுக மூடிவிட்டு, அந்த ஃபியூஸில் வேறெதுவும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு, அதைக் கழற்றி டேஷ்போர்டு டப்பாவில் போட்டு வையுங்கள். தண்ணீர்க் குழாயை மட்டும் ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேரப்பிள்ளைகள் வந்து கேட்டால் ஃபியூஸை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.