கிற்றார் வயர் எங்கே போய் முடிகிறது?

அன்புள்ள அண்ணா,

மாங்குளம் பக்கத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு எலெக்ட்ரிக் கிற்றார் வாசிக்கிறேன். எங்களிடம் கிற்றார் அம்ப் இல்லை, நேரே மிக்சருக்குத்தான் போகிறது. ஸூம் ஜி1 ஃபோர் மாதிரி, பல சத்த மாற்றங்களை ஒரே பெட்டியில் டிஜிட்டலாகத் தரும் ஒரு மல்டி எஃபெக்ட் வாங்கவா, இல்லாவிட்டால் டிஸ்டோர்ஷன், டிலே (எதிரொலி) என்று ஆளுக்கொரு வேலை செய்யும், டிஜிட்டல் அல்லாத இரண்டு அனலொக் பெடல் வாங்கவா? அனலொக்தான் உண்மையான சத்தம் என்கிறார்கள். ஆனால் சிநேகிதனின் பொஸ் டிஎஸ்-1 டிஸ்டோர்ஷன் பெடலை மாட்டினால் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைகிறது. பெடலில் பிழையா?

ந.

அன்புள்ள தம்பி,

பெடலில் பிழை இல்லை. 1978இல் வந்த டிஎஸ்-1, கிற்றார் அம்பின் முன்னால் வைப்பதற்கென்று செய்யப்பட்டது. டிஸ்டோர்ஷன் என்பது அலையின் தலையை வெட்டுவது. வெட்டிய இடத்தில் மேற்றொனிகள் (சுரத்துக்கு மேலே எழும் கூரிய ஒலிகள்) ஏராளமாகக் கிளம்பும். கிற்றார் அம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும். அந்த இரைச்சலை அதுவே விழுங்கிவிடுகிறது. உங்கள் தேவாலய ஸ்பீக்கர் பெட்டியில் மேல் ஒலிகளுக்கென்று இருக்கும் ஹோர்ன் எதையும் விழுங்காது, வந்ததை அப்படியே முகத்தில் அடிக்கும். மிக்சரின் ஹை குமிழைக் குறைத்தாலும் முழுதாகத் தீராது. அது பெரும்பாலும் 10,000, 12,000 ஹேர்ட்ஸ் பக்கத்தைத்தான் பிடிக்கும். உங்களுக்குக் குத்துவது அதற்குக் கீழே.

ஆகவே நீங்கள் மல்டி எஃபெக்ட்தான் வாங்க வேண்டும். அதற்குள் கிற்றார் அம்பையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் போலச் செய்யும் அம்ப் மொடலும் கபினெட் மொடலும் இருக்கின்றன; அந்த இரைச்சலை அவை விழுங்கிவிடும். டிஜிட்டலா அனலொக்கா என்ற சண்டையை விடுங்கள், உங்கள் வயர் மிக்சரில் முடிகிறது என்பதே இங்கே தீர்ப்பு.

வாங்கியதும் தொழிற்சாலைப் பட்ச்களை (முன்பே சேமித்து வரும் சத்த அமைப்புகளை) நம்பாதீர்கள். அவற்றில் ரிவேர்ப் (மண்டப முழக்கம்) அள்ளிக் கொட்டியிருக்கும்; தேவாலய மண்டபமே எதிரொலிக்கும் இடம், அங்கே அது குழம்பாகிவிடும். ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டோர்ஷன்), அம்ப், கபினெட், டிலே என்ற வரிசை போதும். கடைசியில் ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஈக்யூ வைத்து 100 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 6,000க்கு மேலும் குறையுங்கள்.

ஹெட்ஃபோனில் பட்ச் செய்வதுதான் எல்லாரும் விடும் பிழை. மெல்லிய சத்தத்தில் காதுக்கு பாஸும் டிரெபிளும் குறைவாகவே கேட்கும். அதனால் இரண்டையும் கூட்டி, நடுவைக் குறைத்து வைப்போம். கிற்றாரின் உயிரோ 500 முதல் 2,000 ஹேர்ட்ஸ் வரையான அந்த நடுவில் இருக்கிறது. பூசையன்று கீபோர்ட் தொடங்கியதும் கிற்றார் காணாமல் போகும். பாடல் பயிற்சியின்போது, மண்டபத்துப் பெட்டியிலேயே, மற்றவர்கள் வாசிக்க வாசிக்கத் திருத்துங்கள். கிளீன் (வெட்டாத சத்தம்) பட்சும் டிரைவ் பட்சும் ஒரே அளவு கேட்க வேண்டும், தனியாக முன்னுக்கு வாசிக்கும் லீட் மட்டும் 3 டெசிபெல் கூட இருக்கட்டும்.

அனலொக்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கிற்றாரின் வொல்யூம் குமிழைக் கொஞ்சம் இறக்கினால் சத்தம் தானாகத் தெளியும் அழகு, நல்ல ஓவர்டிரைவ் பெடலில் கிடைப்பதுபோல் மலிவான மல்டியில் கிடைப்பது அரிது. ஒன்று பழுதானால் மற்றது வேலை செய்யும். கிரவல் புழுதி புகுந்து குமிழ் கரகரத்தால் கொன்ரக்ற் கிளீனர் அடித்துத் திருப்பினால் போதும். மல்டியின் சர்க்யூட் போர்ட் போனால் திருத்த ஆள் தேட வேண்டும். ஆனால் அனலொக் என்பதாலேயே சத்தம் மாறாமல் நிற்கும் என்றில்லை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல் (கரடுமுரடான டிஸ்டோர்ஷன்), வன்னி வெயிலில் சூடேறினாலே சத்தம் மாறிவிடும்.

கரண்ட் விஷயத்தில் கவனம். பொஸ் பெடல்களுக்கும் ஜி1 ஃபோருக்கும் 9 வோல்ற், நடு முனை நெகற்றிவ். கோயிலில் கிடக்கும் யமஹா கீபோர்ட் அடப்டர் பிஏ-130 என்றால் அது 12 வோல்ற், நடு முனை பொசிற்றிவ். முனை பெடலுக்குள் நுழைகிறதே என்று செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் பாதுகாப்பு டயோட் மட்டும் எரியும். இல்லாவிட்டால் உள்ளே ஐசியும் போகும். அடப்டரின் முதுகில் இருக்கும் வட்டக் குறியைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். ஜெனரேற்றரில் நடக்கும் திருவிழா மேடைகளில் ஜி1 ஃபோரை நான்கு ஏஏ பற்றரியில் ஓட்டுங்கள், இரைச்சல் பாதி அங்கேயே குறையும்.

பிறகு காசு சேர்ந்தால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் மட்டும் வாங்கி மல்டிக்கு முன்னால் வையுங்கள். அப்போது மல்டியின் டிரைவை அணைத்துவிடுங்கள். அந்தப் பெடலுக்குத் தனி அடப்டர் வேண்டும். இரண்டையும் ஒரே வயரில் கிளை பிரித்தால் மல்டியின் கீச்சுச் சத்தம் பெடல் வழியாக வரும். பெடலைப் பற்றரியில் ஓட்டுவதென்றால் வாசித்து முடிந்ததும் இன்புட் ஜக்கைக் கழற்றுங்கள்; செருகி இருக்கும்வரை, அணைத்தாலும் பற்றரி குடிக்கும். என்றாவது கிற்றார் அம்ப் வந்தால் மல்டியில் கபினெட்டை நிறுத்துங்கள். இரண்டு ஸ்பீக்கர் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும்.

அன்புடன்
அண்ணா